பழைய விதையிலிருந்து அரிய அவரைகள்

சிறகவரை, வாளவரை, நாட்டவரை ஆகிய கொடிகள் முன்னாளில் எமது வீட்டு வளவுகளின் வேலியோரங்களிலே படர்ந்து கிடந்தன. போஞ்சியும் பயிற்றையும் சந்தைக்கு ஏற்றனவாதலால் கமக்காரர் அவற்றையே நாடினர். ஏனையவை மெல்ல மறைந்தன. வடக்கிலும் கிழக்கிலும் மக்கள் பலமுறை இடம்பெயர நேர்ந்தமையால் வீடுகளில் இருந்த விதைகளும் அழிந்தன. எனினும் முதியோர் சிலர் ஒரு போத்தலிலோ துணி முடிச்சிலோ ஒரு பிடி விதையை இன்றும் காத்து வருகின்றனர். அவ்விதையைப் பயிராக்கும் முறை இங்கு கூறப்படுகின்றது.

கிடைத்த விதை முழுவதையும் ஒரே நாளில் விதைத்தல் கூடாது. பாதியை எடுத்து மீதியை உலர்வாக வைத்திருத்தல் வேண்டும். முதற் பயிர் மழையிலோ பீடையிலோ அழிந்தாலும் இனம் அழியாது.

நான் சேவையிற் சேர்ந்த புதிதில் ஓர் அம்மையார் 19 சிறகவரை விதைகளை என்னிடம் தந்தார். பயறு ஊறவைப்பது போல அவை அனைத்தையும் இரவு முழுவதும் நீரிலிட்டேன். காலையில் ஐந்து விதைகள் பருத்து வழுவழுத்து நாறின. ஏனையவை கல்லைப் போல அப்படியே கிடந்தன. யாவும் செத்தவை எனக் கூறிக் கிணற்றடியில் வீசினேன். மாரி மழையின் பின் அவ்விடத்திலேயே இரண்டு கொடிகள் எழுந்ததை அவ்வம்மையார்தாம் எனக்குக் காட்டினார்.

காரணம் இதுவாகும். அவரைக் குடும்பத்து விதைகள் சிலவற்றின் தோல் நீரை உட்புகவிடாது. ஊறாத விதை செத்த விதையன்று. அதுவே பெரும்பாலும் உயிருள்ள விதை. மறுபுறத்தில், நெடுநாள் உலர்ந்த விதை நீரில் மூழ்கினால் திடீரென நீரை உறிஞ்சி, உள்ளிருக்கும் மென்மையான கலங்கள் வெடித்துப் பழுதாகும். ஆகவே பழைய விதையை நீரில் மூழ்கவிடாது, ஈரத் துணியில் வைத்து மெல்ல ஈரமேற்றுவதே நன்று.

பருத்தித் துணியை நனைத்துப் பிழிந்து, விதைகள் ஒன்றோடொன்று முட்டாதவாறு பரப்பிச் சுருட்டி, நிழலில் வைக்கவும். நாள்தோறும் விரித்துப் பார்த்தல் அவசியம். பூஞ்சணம் பிடித்தவற்றை உடனே நீக்கவும். நான்கு நாட்களாகியும் பருக்காத விதையின் தோலை, தழும்பு உள்ள பக்கத்திற்கு எதிர்ப்பக்கத்தில் நகவெட்டியால் இலேசாகக் கிள்ளி மீண்டும் துணியில் வைக்கவும். வெள்ளைப் பருப்புச் சற்றுத் தெரிந்தாற் போதும். ஆழ வெட்டினால் முளை கெடும். வண்டு துளைத்த விதையையும் எறிந்துவிட வேண்டாம். முளைக்கரு தப்பியிருந்தால் அதுவும் முளைக்கும்.

வேர் அரை அங்குலம் நீண்டதும், அடியில் துளையிட்ட சிரட்டையில் மணலும் மக்கிய கூட்டெருவும் சமமாகக் கலந்து இட்டு, ஓர் அங்குல ஆழத்தில் நடுக. இம்முறையிலே சோதனைக்கென ஒரு விதையேனும் வீணாவதில்லை. எறும்பு, நத்தை, அணில் ஆகியவற்றிடமிருந்து நாற்றைக் காத்தல் வேண்டும்.

சிறகவரை பகற்பொழுது குறுகும் மாதங்களிலேயே நன்கு பூக்கும். எனவே காலபோக மழையோடு, ஐப்பசியில் நடுதல் பொருத்தமானது. சித்திரையில் நட்டால் மாதக்கணக்கில் இலையும் கொடியுமாகவே வளர்ந்து பொறுமையைச் சோதிக்கும். முதல் மூன்று வாரங்கள் அது மந்தமாகவே வளரும். களை மூடாது பார்த்துக்கொள்ளவும். ஏறுவதற்கு ஆறு அடி உயரக் கம்போ கிளுவை வேலியோ வேண்டும். யூரியாவை அள்ளி இட்டால் இலை மட்டுமே பெருகும். வேர்ச்சிறுகணுக்களில் வாழும் பற்றீரியாக்கள் காற்றிலுள்ள நைதரசனைத் தாமே தருவதால் கூட்டெரு போதுமானது.

சிறகவரையின் இலை, பூ, பிஞ்சு, கிழங்கு யாவும் உணவாகும். அதன் சிறப்பை 1975 ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் தேசிய விஞ்ஞானக் கழகம் தனி அறிக்கையாகவே வெளியிட்டது. எமது வேலியில் கிடந்த கொடியை உலகம் அப்போதுதான் திரும்பிப் பார்த்தது.

உண்ணும் விடயத்தில் ஓர் எச்சரிக்கை. பெயர் தெரியாத விதையை விதைக்கலாம், உண்ணல் ஆகாது. வாளவரையின் இளங்காய் நல்ல கறியாகும். முற்றிய விதையிலோ நச்சுப்பொருட்கள் உண்டு. பழைய முடிச்சுகளில் குன்றிமணியும் கலந்திருக்கக்கூடும். அது உயிரைப் பறிக்கும் நஞ்சு. சிறுவர் கைக்கு எட்டவிடாதீர்கள். இனத்தை அறிய முடியாவிடின் காயும் விதையுமாக உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் காட்டுக.

முதற் போகத்திலே நல்ல கொடியின் காய்களைக் கறிக்குப் பறியாது விதைக்கே விடுதல் வேண்டும். இலை சுருண்டு மஞ்சளும் பச்சையுமாகத் தேமல் கண்ட கொடியைப் பிடுங்கி எரித்துவிடவும்; அதன் விதை வேண்டாம். காய் பழுப்பாகி உலர்ந்ததும், வெடிக்குமுன் பறித்து நிழலிலே உலர்த்துக. பல்லாற் கடித்தால் பதியாது 'டக்' என உடையும் விதையே சேமிக்கத் தக்கது. விதையின் ஈரலிப்பு நூற்றுக்கு ஒன்று குறைய அதன் ஆயுள் ஏறக்குறைய இருமடங்காகும். சலித்த உலர்ந்த சாம்பலுடன் கலந்து போத்தலை விளிம்புவரை நிரப்பி, மூடியை மெழுகால் அடைத்து, குளிர்ந்த இடத்தில் வைக்கவும். இனத்தின் பெயர், கிடைத்த ஊர், அறுவடை செய்த மாதம் ஆகியவற்றை எழுதி ஒட்டுக. ஒரு பங்கை அயலவருக்கும், இன்னொரு பங்கைக் கன்னொறுவையில் 1988 ஆம் ஆண்டு நிறுவப்பட்ட தாவர மரபுவள நிலையத்திற்கும் அளிக்கலாம்.