கால் மில்லிமீட்டரில் எண்ணும் ஆயுள்

ஆர்எக்ஸ்இசட் வாங்கப் போகிறேன் என்று யார் வந்து நின்றாலும், வண்டியைப் பார்க்கும் முன் அதன் பதிவுச் சான்றான கெரானைக் கேள் என்பேன். கெரானில் இருக்கும் சேசிஸ் எண்ணும் இன்ஜின் எண்ணும் வண்டியில் அடித்திருப்பதோடு அப்படியே ஒத்துப்போக வேண்டும். ஓர் இலக்கம் இடித்தாலும் பேரம் பேசாமல் எழுந்து வந்துவிடுவது நல்லது. மோட்டார் திருடுகிறவர்களுக்கு இந்த வண்டிமேல் எப்போதும் ஒரு கண் உண்டு. பளபளக்கும் பெயிண்டும் புது ஸ்டிக்கரும் எதற்கும் சாட்சி ஆகாது.

மலேசியாவின் தம்போயில் எங்கள் தாமானில் பலருக்கு வேலை சிங்கப்பூரில். விடியும் முன்பே கெப்சாய் என்கிற சின்ன மோட்டாரை எடுத்துக்கொண்டு சிங்கப்பூருக்குப் போகும் பாலத்தில் போய்ச் சேர்ந்துவிடுவோம். 1924இல் திறந்த அந்தப் பாலம் ஒரு கிலோமீட்டரைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். ஆனால் நெரிசலில் அதைக் கடப்பதற்குள் முதுகு பேச ஆரம்பித்துவிடும். அந்த வேலைக்கு அமைதியான நாலு ஸ்ட்ரோக் வண்டி போதும். ஆர்எக்ஸ்இசட் ஞாயிற்றுக்கிழமைக்கு உரியது.

யமாஹா ஆர்எக்ஸ்இசட் 1980களின் நடுவில் மலேசியச் சாலைகளுக்கு வந்து, 2011 வரை விற்பனையில் இருந்தது. காற்றில் குளிரும் ஒற்றை சிலிண்டர், 133 சிசி, இரண்டு ஸ்ட்ரோக். முதலில் ஐந்து கியர், பிறகு ஆறு. இந்தியாவில் 1985 முதல் 1996 வரை தயாரான ஆர்எக்ஸ் 100ஐ நினைத்துப் பெருமூச்சு விடுகிறவர்களுக்கு இது பெரியப்பா வீட்டுப் பிள்ளை. இந்தோனேசியாவின் ஆர்எக்ஸ் கிங்கும் அதே குடும்பம்தான். ஆனால் உறவுமுறையை நம்பிச் சாமான் வாங்கக்கூடாது. கிங்கின் பிஸ்டன் 58 மில்லிமீட்டர் அகலம், மேலும் கீழும் ஓடும் தூரம் 50. ஆர்எக்ஸ்இசட்டுக்கு 56, 54. இரண்டையும் கடையில் '135' என்றே சொல்வார்கள். ஒன்றின் பிஸ்டன் மற்றதற்கு ஏறாது.

இந்த இன்ஜினில் நாலு ஸ்ட்ரோக்கில் இருப்பதுபோன்ற வால்வு கிடையாது. பிஸ்டனே கதவுபோல் ஏறி இறங்கி, சிலிண்டர் சுவரில் இருக்கும் துவாரங்களைத் திறந்து மூடும். பெட்ரோலும் காற்றும் சேர்ந்த கலவை நேராக சிலிண்டருக்குப் போவதில்லை. முதலில் அடியில் கிராங்க் சுழலும் அறைக்குள் போய், அங்கிருந்து மேலே தள்ளப்படும். அந்த அறையில் தனியாக எண்ணெய் தேங்கி நிற்பதில்லை. இரண்டு ஸ்ட்ரோக்குக்கான 2டி எண்ணெயை ஒரு சிறிய பம்ப் சொட்டுச் சொட்டாகக் கலந்துவிடும். பேரிங்கும் பிஸ்டனும் அந்தச் சொட்டை நம்பித்தான் ஓடுகின்றன. பின்னால் வரும் நீலப் புகை அந்த எண்ணெய் எரிவதால். புதிய கலவை உள்ளே வரும் அதே நேரத்தில் எக்சாஸ்ட் துவாரமும் திறந்திருப்பதால், கொஞ்சம் பெட்ரோல் எரியாமலே வெளியே ஓடிவிடும். உலகம் முழுக்கப் புகைச் சட்டங்கள் இறுகியதும் இந்த வகை இன்ஜின் சாலையிலிருந்து விலகியதற்கு இதுதான் பெரிய காரணம்.

பழைய இன்ஜினை இறக்கினால் நான் முதலில் பார்ப்பது கிராங்கின் இரண்டு பக்கத்து ஆயில் சீல்களை. ரப்பர் காய்ந்து இறுகியிருந்தால் ஒரு பக்கம் வெளிக்காற்றை உறிஞ்சும், மறுபக்கம் கியர்பாக்ஸ் எண்ணெயை உறிஞ்சும். காற்று அதிகமானால் கலவை மெலியும், சூடு ஏறும், ஒரு நாள் பிஸ்டன் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். சீலுக்குச் சில வெள்ளி மிச்சம் பார்த்துவிட்டு முழு சிலிண்டர் பிளாக்கையும் இழப்பது இப்படித்தான்.

அடுத்தது பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கும் கன்ராட். மேலும் கீழும் அசைத்து ஆட்டம் தெரிந்தால் கிராங்கைப் பிரித்தாக வேண்டும். இது போல்ட்டில் நிற்கும் சாமான் அல்ல. அழுத்திப் பொருத்தியது. ஹைட்ராலிக் பிரஸ்ஸில் பிரித்து, புது ராடு போட்டு, மறுபடி அழுத்தி, டயல் கேஜ் வைத்துக் கோட்டம் பார்க்க வேண்டும். வீட்டு வாசலில் சுத்தியலோடு செய்கிற வேலை அல்ல. தம்போய் தொழிற்பேட்டைப் பக்கம் லேத் வேலை தெரிந்தவர்கள் இருப்பது எங்களுக்கு ஒரு வசதி.

பிறகுதான் பிளாக். எங்கள் மெக்கானிக் போமென் அண்ணன் எந்தப் பையன் வந்தாலும் சொல்வது ஒன்றே: "தம்பி, அளக்காம பிஸ்டன் வாங்காதே. பிஸ்டனுக்கு பிளாக்கைக் கடைஞ்சுக்கலாம், கடைஞ்சதைத் திரும்ப ஒட்ட முடியாது." சிலிண்டருக்குள் மேல், நடு, கீழ் என்று மூன்று இடங்களில், குறுக்கிலும் நெடுக்கிலும் அளக்க வேண்டும். தேய்மானம் ஒரே சீராக இருக்காது. அளவு தாண்டியிருந்தால் போரிங். பெரிய பிஸ்டன்கள் கால் மில்லிமீட்டர் படிகளில் வரும்: 25, 50, 75, 100 என்பார்கள். 56.00 என்று பிறந்த பிளாக் 56.25 ஆகும், 56.50 ஆகும், இப்படியே 57.00 வரை. அப்போது கொள்ளளவு சுமார் 138 சிசி. வேகம் பெரிதாகக் கூடிவிடாது, சுவர் மட்டும் மெலியும். அதற்கு மேல் புது சிலீவ் அடிக்க வேண்டும், அல்லது நல்ல பழைய பிளாக் தேடி அலைய வேண்டும். ஆகவே சின்னக் கீறலுக்கெல்லாம் நேராக 100க்குத் தாவுகிறவன் மூன்று ஆயுளை ஒரே நாளில் செலவழிக்கிறான்.

பூட்டும்போது சில விஷயங்களில் சமரசமே இல்லை. பிஸ்டன் தலையில் இருக்கும் அம்பு எக்சாஸ்ட்டைப் பார்க்க வேண்டும். ரிங்கின் வாய் பிஸ்டனில் இருக்கும் சிறு ஆணிமேல் உட்கார வேண்டும், இல்லையென்றால் துவாரத்தில் மாட்டி உடையும். கழற்றிய சர்கிளிப்பை மறுபடி போடக்கூடாது. எண்ணெய்ப் பம்பில் இருக்கும் காற்றை வெளியேற்ற வேண்டும். அதுவரைக்கும் பாதுகாப்புக்கு முதல் டேங்க் பெட்ரோலில் கொஞ்சம் 2டி கலந்துவிடுவது எங்கள் பழக்கம்.

இன்ஜின் கட்டி முடிந்தால் வேலை முடிந்தது என்று நினைக்கிறவர்கள் பலர். புது ரிங்கும் கடைந்த சுவரும் ஒன்றுக்கொன்று பழக முதல் ஐந்நூறு கிலோமீட்டராவது ஆகும். அதுவரை ஆக்சிலரேட்டரை முழுக்கத் திருகுவது ஆகாது. ஒரே வேகத்தில் நெடுநேரம் ஓட்டுவதும் ஆகாது. வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் மோட்டாருக்கு டோல் இல்லை, உண்மைதான். ஆனால் அங்கே கை ஒரே இடத்தில் நின்றுவிடும். அதனால் முதல் சவாரிக்கு நாங்கள் பழைய சாலையைத்தான் எடுப்போம். ஸ்கூடாய், பெக்கான் நானாஸ், பொந்தியான், அங்கிருந்து குக்குப். சிக்னலும் சந்தியும் ஊரும் மாறி மாறி வர, கியர் ஏறி இறங்கியபடியே இருக்கும். குக்குப்பில் கடல்மேல் கால் ஊன்றி நிற்கும் வீடுகளைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டால் இன்ஜினும் ஆறிவிடும். ஆறியதும் பிளக்கைக் கழற்றிப் பார்ப்போம். பழுப்பு நிறம் என்றால் நிம்மதி. வெளுத்திருந்தால் கலவை மெலிந்திருக்கிறது, வேகமாகத் திரும்பக்கூடாது. கருத்து ஈரமாக இருந்தால் பெட்ரோல் அதிகம்.

நீண்ட சவாரி என்றால் கிழக்குக்கரையில் இருக்கும் மெர்சிங். கோத்தா திங்கி தாண்டி மூன்றாம் எண் சாலையில் செம்பனைத் தோட்டமும் காடும் நெடுந்தூரம் வரும். பெட்ரோல் நிலையம் அடிக்கடி வராது. யானை கடக்கும் இடங்கள் உண்டு. எனவே விடிந்த பிறகு கிளம்பி, இருட்டும் முன் திரும்பும்படி நேரம் வைப்போம். நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை கிழக்குக்கரைக்கு மழைக்காலம், அந்தப் பக்கமே போவதில்லை. கோத்தா திங்கியில் எல்லாரும் டேங்கை நிரப்ப வேண்டும், பாதி இருக்கிறவனும் சேர்த்துத்தான். 2டி எண்ணெய் எல்லா நிலையத்திலும் கிடைக்காததால் ஆளுக்கு ஒரு போத்தல். உபரி பிளக், கிளட்ச் கேபிள், செயின் லிங்க் எல்லாம் கடைசி ஆளின் பையில்.

இறக்கத்தில் ஒரு விஷயம். எண்ணெய்ப் பம்ப் கை திருகலோடு சேர்ந்தே வேலை செய்யும். வேகமாக இறங்கும்போது திருகலை முழுக்க மூடிக்கொண்டால், இன்ஜின் சுழலும், எண்ணெய் குறைவாக வரும். நடுநடுவே லேசாகத் திறந்துவிட வேண்டும். நாலு ஸ்ட்ரோக் ஓட்டிப் பழகியவர்களுக்கு இதைக் கிளம்பும் முன்பே சொல்லிவிடுவோம்.

எங்கள் கூட்டத்தில் வேகத்தைத் தீர்மானிப்பவன் முன்னால் போகிறவன் அல்ல. யாருடைய பிளாக் கடைசியாகக் கடையப்பட்டதோ அவன் இரண்டாவதாகப் போவான், மற்றவர்கள் அவன் ஓட்டத்துக்கு ஒத்துப்போக வேண்டும். "மச்சான், இப்படிப் போனா பொழுது சாய்ஞ்சுடும்" என்று கெப்சாய்க்காரன் ஒருவன் முணுமுணுப்பது வழக்கம். அவனுடைய வண்டிக்குப் பாகங்கள் நாளைக்கும் புதிதாக வரும். எங்களுடையது இனி தயாராகாது. மெர்சிங்குக்கு அரை மணி பிந்திப் போனால் நஷ்டம் ஒரு கோப்பை தே தாரேக். அவசரப்பட்டால் நஷ்டம் கால் மில்லிமீட்டர் இரும்பு. அதை எந்தக் கடையிலும் திரும்ப வாங்க முடியாது.