கடற்கரைத் தூண்டிலுக்குத் தங்சியா, பின்னல் நூலா?

ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டால் நமது தோட்டங்களில் சிலருக்குக் கால் வீட்டில் நிற்பதில்லை. மோட்டார் சைக்கிளில் தூண்டில் கம்பைக் கட்டிக்கொண்டு, வாளியில் இறாலைப் போட்டுக்கொண்டு, விடியுமுன்பே மோரிப் பக்கமோ போர்ட்டிக்சன் பக்கமோ கிளம்பிவிடுவார்கள். கிடைத்தால் குழம்புக்கு மீன், கிடைக்காவிட்டால் கடற்காற்று. இவர்கள் கடையில் நின்று இப்போது கேட்கும் கேள்வி ஒன்றுதான். தங்சி வாங்குவதா, பின்னல் நூல் வாங்குவதா?

தங்சி என்பது ஒற்றை இழை நைலான். நைலானை 1935-ல் அமெரிக்காவில் கண்டுபிடித்தார்கள். அதற்கு முன்பு தூண்டில்காரர்கள் பட்டிலும் பருத்தியிலும் முறுக்கிய நூலை வைத்துத்தான் காலம் தள்ளினார்கள். பின்னல் நூல் 1990-களில் கடைக்கு வந்த சரக்கு. பாலிஎதிலீன் என்ற பொருளின் மிக வலுவான ஒரு வகையை இழையாக்கி, நாலு இழை அல்லது எட்டு இழை சேர்த்துச் சடைபோலப் பின்னியது. மலாய் நண்பர்கள் இதைப் 'பெனாங்' என்பார்கள்.

என் அக்காள் மகன் செம்பனைக் குலை வெட்டுகிறவன். ஒரு முறை சம்பளம் வாங்கிய கையோடு பின்னல் நூல் ஒரு சுருள் வாங்கி வந்தான். "மாமா, தங்சியெல்லாம் பழைய கதை. இதைப் பாருங்க, தலைமுடி மாதிரி இருக்கு, 30 ராத்தல் தாங்கும்" என்றான். பொய்யில்லை. ஒரே பலமுள்ள நைலானோடு ஒப்பிட்டால் பின்னல் நூலின் பருமன் ஏறக்குறைய பாதிதான். மெல்லிசாக இருப்பதால் காற்றைக் கிழித்துக்கொண்டு தூரம் போகும். நீரோட்டமும் அதை அவ்வளவாக இழுக்காது.

மோரிப்பில் அன்று அவனுடைய ஈயக்குண்டு ஒரு பழைய மரக்கம்பத்தில் மாட்டிக்கொண்டது. கம்பம் முழுக்கக் கடற்சிப்பி. கம்பை இழுத்தால் ஒடிந்துவிடும் என்று நூலைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றி ஒரே இழுப்பு இழுத்தான். நூல் அறவில்லை, விரல்தான் அறுந்தது. இரண்டு விரலில் சதை பிளந்து தையல் போட்டார்கள். ஒரு வாரம் பெரட்டுக்குப் போக முடியவில்லை. வெட்டின குலைக்குத்தானே கூலி? அந்த வாரக் கூலி போனது. நூலை விற்ற கடைக்காரர் இதைப்பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்கும் அதுவரை தெரியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

நைலானாக இருந்திருந்தால் அது முதலில் நீண்டு கொடுத்திருக்கும். இழுத்தால் நூற்றுக்கு 20, 25 பங்குகூட நீளும். பின்னல் நூல் நூற்றுக்கு ஐந்து பங்கு நீண்டாலே அதிகம். இதில் லாபமும் உண்டு, நட்டமும் உண்டு. 80 மீட்டர் தூரத்தில் மீன் இரையைத் தொட்டால் நைலானில் அந்த அசைவு பாதி வழியிலேயே கரைந்துபோகும்; பின்னல் நூலில் விரலில் வந்து தட்டும். ஆனால் பெரிய மீன் மாட்டி, அலை ஒரு பக்கமும் நாம் ஒரு பக்கமும் இழுக்கும்போது, நீண்டு கொடுக்கும் நைலான்தான் முள் பிய்ந்து வராமல் காப்பாற்றும். கல்லிலும் சிப்பியிலும் உரசினாலும் பின்னல் நூல்தான் முதலில் போகும்.

ஆகவே எந்தக் கடற்கரைக்குப் போகிறோம் என்று பார்த்துத்தான் வாங்கவேண்டும். மோரிப் சேற்றுக் கடற்கரை. வற்றும்போது தண்ணீர் வெகுதூரம் போய்விடும். 1945 செப்டம்பரில் பிரிட்டிஷ் படை அங்கே இறங்கியபோது வண்டிகளே சேற்றில் புதைந்து நின்றன. வற்றிய நேரத்தில் எந்த நூலை வீசியும் பலனில்லை. ஏற்றத்தில் கெலாமாவும் கெளுத்தியும் தாமாகக் கரைக்கு நெருங்கி வரும். அதற்கு 15, 20 ராத்தல் தங்சியே தாராளம். பின்னல் நூலுக்குப் பல மடங்கு காசு கொடுப்பது வீண் செலவு என்பது என் அபிப்பிராயம். கிழக்குக் கரை வேறு. பகாங், திரெங்கானு பக்கம் திறந்த கடல், அலை தூரத்தில் உடையும். செனாங்கின் தேடி அலையைத் தாண்டி வீசவேண்டுமென்றால் பின்னல் நூல் வாங்கியவன் ஏமாறமாட்டான். நவம்பர் முதல் மார்ச் வரை அங்கே வடகிழக்குப் பருவக்காற்று. அந்தக் கொந்தளிப்பில் எந்த நூலோடும் போகவேண்டாம்.

பின்னல் நூல்தான் என்று முடிவு செய்தவர்கள் முழு ரீலையும் அதனால் நிரப்ப வேண்டியதில்லை. அடியில் பழைய தங்சியைச் சுற்றி, மேலே 150 மீட்டர் பின்னல் நூல் போட்டால் போதும். காசும் மிச்சம், நூல் ரீலில் வழுக்கிச் சுற்றாமலும் இருக்கும். மேல்பாதி நைந்துபோனால் தலைகீழாகத் திருப்பிச் சுற்றினால் இன்னொரு காலத்துக்கு உழைக்கும். நைலானுக்கு அந்த வழி இல்லை. வெயில் பட்டுக் கெட்டுப்போகும். வருடத்துக்கு ஒரு தரமாவது மாற்றிவிடுங்கள்.

எந்த நூலானாலும் முனையில் பருமனான நைலான் கட்டவேண்டும். ஒரு அவுன்ஸ் ஈயத்துக்கு 10 ராத்தல் என்பது கணக்கு. 4 அவுன்ஸ் குண்டு என்றால் 40 ராத்தல் நைலான். நீளம் கம்பைப்போல் இரண்டு மடங்கு, ரீலிலும் நாலைந்து சுற்று ஏறியிருக்க வேண்டும். இது இல்லாமல் ஓங்கி வீசும்போது நூல் அறுந்தால் ஈயம் துப்பாக்கிக் குண்டுபோலப் பறக்கும். மோரிப்பில் ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் குளித்துக்கொண்டிருப்பார்கள். இரண்டு நூலையும் முடியும்போது எச்சிலால் நனைத்து இறுக்குங்கள். பின்னல் நூல் வழுக்கும், ஆகையால் அந்தப் பக்கம் எட்டுச் சுற்றாவது போடவேண்டும்.

வீசும்போது ஆள்காட்டி விரலுக்குத் தோல் உறை போடுங்கள், பழைய கையுறையில் ஒரு விரலை வெட்டினாலும் சரி. மாட்டிக்கொண்ட நூலை ஒரு கட்டையில் சுற்றிக்கொண்டு, முகத்தைத் திருப்பிப் பின்னால் நடந்து இழுக்கவேண்டும். நைலான் அறுந்தால் ஈயம் ரப்பர்போலத் திரும்பி வரும், கண் ஜாக்கிரதை.

மருமகன் இப்போதும் பின்னல் நூல்தான் போடுகிறான், சொன்னால் கேட்கமாட்டான். ஆனால் கிளம்பும்போது இறால் வாளியில் ஒரு முழ நீளக் கட்டையையும் போட்டுக்கொள்கிறான்.