ஆண்டறிக்கையைப் பின்னாலிருந்து படியுங்கள்!



சுங்காயில் ஒரு பெரியவர் வீட்டுக்குப் போயிருந்தேன். அவர் பங்கு வாங்கியிருந்த நிறுவனம் அனுப்பிய ஆண்டறிக்கை, உறை பிரிக்காமல் அலமாரியில் கிடந்தது. "படிக்கவில்லையா, ஐயா?" என்றேன். "முன்னால் தலைவர் படம், பின்னால் ஒரே கணக்கு. நமக்கு என்னம்மா புரியும்?" என்றார்.

புரியாமல் பணம் போட்ட அனுபவம் நம் சமூகத்துக்கு உண்டு. 1982-இல் தொடங்கிய மைக்கா ஹோல்டிங்சில் ஏறக்குறைய 66,000 பேர் 10 கோடி வெள்ளிக்கு மேல் முதலீடு செய்தார்கள். தோட்டப்புற மக்கள் பலர் நகையை அடகு வைத்தும் கடன் வாங்கியும் பங்கு வாங்கினார்கள். இடையில் வந்த ஈவுத்தொகையைத் தள்ளிவிட்டுப் பார்த்தால், 2010-இல் ஒரு வெள்ளிப் பங்குக்குக் கிடைத்த விலை 80 காசுதான்!

மைக்கா பங்குச் சந்தையில் பட்டியலிடப்படாத நிறுவனம். நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வியே இதுதான். பட்டியலிடப்பட்ட நிறுவனம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்கு வெளியிட வேண்டும். தனக்குள்ள ஆபத்துகளை எப்படிச் சமாளிக்கிறது என்று ஆண்டறிக்கையில் எழுதவும் வேண்டும். மற்ற நிறுவனங்களுக்கு இவ்வளவு கட்டாயம் இல்லை.

சரி, ஆபத்து எந்தப் பக்கத்தில் இருக்கும்? தலைவர் உரையில் தேடாதீர்கள். கணக்குகளுக்குப் பின்னால் வரும் 'குறிப்புகள்' பகுதியைப் பாருங்கள். வர வேண்டிய பணம் எவ்வளவு நாளாக வரவில்லை, ஓராண்டுக்குள் கட்ட வேண்டிய கடன் எவ்வளவு, வட்டியோ நாணய மதிப்போ மாறினால் என்ன ஆகும், நீதிமன்ற வழக்குகள் உண்டா, பிறர் கடனுக்கு உத்தரவாதம் கொடுத்திருக்கிறார்களா என்பதெல்லாம் அங்கேதான் இருக்கும்.

அடுத்து கணக்காய்வாளர் அறிக்கை. நிறுவனம் தொடர்ந்து இயங்குமா என்பதில் பெரிய ஐயம் இருந்தால், அதை அவர் அங்கே சொல்ல வேண்டும். அந்த வரியைக் கண்டால் கவனம் தேவை!

ஆபத்து பற்றிய பக்கம் ஆண்டுதோறும் ஒரே மாதிரி இருக்கிறதா? தொழில் மாறியும் எழுத்து மாறவில்லை என்றால், அது கடமைக்கு எழுதியது.

அன்று அந்த அறிக்கையைப் பெரியவரும் நானும் பின்னாலிருந்து புரட்டினோம். ஓராண்டுக்குள் கட்ட வேண்டிய கடன், கையிருப்பைவிட இரண்டு மடங்கு இருந்தது. தலைவர் உரையில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் கேள்வி கேட்க ஒரு பங்கு இருந்தாலே போதும். பெரியவர் கேள்வியை ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறார். நீங்களும் எழுதுங்கள்.