ஊஞ்சலும் கயிறும்: 18ஆம் நூற்றாண்டு பிரெஞ்சு ஓவியங்களின் வசீகரம் குறித்து

18ஆம் நூற்றாண்டு பிரெஞ்சு ஓவியங்கள் என்று பேச்செடுத்தால் தோழர்களிடமிருந்து சட்டென்று வரும் பதில், 'மேட்டுக்குடிச் சோம்பேறிகளின் படங்கள்தானே' என்பது. தீர்ப்பு தயார், படத்தைப் பார்க்க வேண்டிய அவசியம்கூட இல்லை. எதிர்முகாமில் சுத்த அழகியல்காரர்கள். 'அந்தப் பட்டின் பளபளப்பு இருக்கிறதே!' என்பதோடு அவர்கள் நின்றுவிடுகிறார்கள். இரு தரப்பும் ஒரே காரியத்தைத்தான் செய்கின்றன. வசீகரத்தை விளக்கத்துக்கு வெளியே தள்ளிவிடுகின்றன. என் கேள்வி வேறு: இந்த வசீகரம் எப்படித் தயாரிக்கப்படுகிறது?

1715இல் பதினான்காம் லூயி இறந்ததும் அரசவை சில ஆண்டுகள் வெர்சாயை விட்டுப் பாரிசுக்குப் பெயர்ந்தது. பிரபுக்களும் வரிக் குத்தகைதாரர்களும் நகர மாளிகைகளில் சிறிய வரவேற்பறைகள் அமைத்துக்கொண்டார்கள். அந்தச் சுவர்களுக்கு மன்னனின் போர்க்களங்கள் எதற்கு? காலை உணவு, சீட்டாட்டம், தோட்டத்தில் இசை, கடிதம் படிக்கும் பெண் - இவை போதும். அரச ஓவியக் கழகம் வகுத்திருந்த படிநிலையில் புராண, வரலாற்று ஓவியங்களுக்கே உச்சி; அன்றாடக் காட்சிகளுக்குக் கீழ்ப்படிதான். வாங்குகிறவர்கள் அதைப் பொருட்படுத்தவில்லை.

ழெர்சேன் என்ற ஓவிய வணிகரின் கடைக்கு வாத்தோ 1720 வாக்கில் வரைந்த பெயர்ப்பலகை இப்போது பெர்லினில் இருக்கிறது. அதன் இடது ஓரத்தைக் கொஞ்சம் நின்று பாருங்கள். லூயியின் உருவப்படத்தை ஒரு வேலையாள் பெட்டிக்குள் இறக்கிக்கொண்டிருக்கிறார். இளஞ்சிவப்புப் பட்டுடுத்திய ஒரு பெண் போகிற போக்கில் அதன்மீது ஒரு பார்வையை வீசிவிட்டுக் கடைக்குள் நுழைகிறாள். தெய்வ உரிமையில் ஆண்ட மன்னர் சரக்காகிவிட்டார். கோஷம் எதுவும் இல்லை. ஆனால் ஒரு யுகம் பெட்டிக்குள் போகிறது.

அடுத்தது பூஷே. லூவ்ரில் உள்ள அவருடைய 'காலை உணவு' 1739இல் வரையப்பட்டது. இரண்டு பெண்கள், இரண்டு குழந்தைகள், சன்னல் வெளிச்சம், கண்ணாடி, கடிகாரம், அலமாரியில் ஒரு சீனப் பொம்மை. கெண்டியோடு ஒருவன் நிற்கிறான். உள்ளே இருப்பது காப்பியோ சாக்லேட்டோ, பாரிசில் அதற்குப் போட்ட சர்க்கரை கரீபியத் தீவுகளில் அடிமைகள் வெட்டிய கரும்பிலிருந்து வந்தது. அவர்களை அசையும் சொத்து என்று 1685இன் 'கறுப்புச் சட்டம்' வரையறுத்திருந்தது. அத்தகைய தீவுகளில் பெரியதான சான் தொமிங்கில் 1791இல் அடிமைகள் கிளர்ந்தெழுந்தார்கள். 1804இல் அது ஹெய்ட்டி ஆயிற்று. பூஷேயின் அறைக்குள் அந்தக் கரும்புக்காட்டின் வாடைகூட இல்லை. இந்த இல்லாமைதான் வசீகரத்தின் உற்பத்தி முறை. உழைப்பைத் துடைத்துவிட்டு அதன் பயனை மட்டும் வெளிச்சத்தில் வைத்தால் ஓய்வு என்பது இயற்கையாகவே சிலருக்கு வாய்த்ததாகத் தோன்றிவிடும்.

இதோடு நிறுத்திக்கொண்டால் நானும் தீர்ப்பு எழுதியவனாகிவிடுவேன். இந்தப் படங்களை வரைந்த கைகள் யாருடையவை? வாத்தோ கூரை வேய்பவரின் மகன். ஷார்தான் தச்சரின் மகன். ஃப்ரகோனாரின் தந்தை கையுறைத் தொழில் செய்தவர். பட்டு எங்கே மடிகிறது, மரம் எங்கே வழவழக்கிறது என்பது கைவேலை செய்யும் குடும்பத்துக் கண்ணுக்குத் தெரியும். படத்திலிருந்து விரட்டப்பட்ட உழைப்பு தூரிகையின் வழியாகத் திரும்பி வந்துவிடுகிறது.

ஃப்ரகோனாரின் 'ஊஞ்சல்' 1767இல் வரையப்பட்டது. 81 செ.மீ. உயரம், 64 செ.மீ. அகலம், அவ்வளவுதான். ஆசைநாயகியை ஊஞ்சலில் வைத்து, ஆட்டுவதற்கு ஒரு பிஷப்பை நிறுத்தி, தன்னைக் கீழே அமர்த்தி வரையச் சொல்லி அரசவைக் கனவான் ஒருவர் முதலில் துவாயென் என்ற ஓவியரை அணுகியதாக நாடகாசிரியர் கோலே தம் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். துவாயென் நழுவினார், வேலை ஃப்ரகோனாரிடம் வந்தது. படத்தில் பிஷப் இல்லை. நிழலில் ஒரு கிழவர் கயிறுகளைப் பிடித்திருக்கிறார். புதருக்குள் இளைஞன். மேலே, காலணியை உதறி எறியும் பெண். அவள் ஆணின் பார்வைக்காக, ஆணின் காசில் அங்கே வைக்கப்பட்டவள்; சந்தேகமில்லை. ஆனாலும் படத்தின் விசை முழுவதும் அவளிடம்தான் இருக்கிறது. மற்ற இருவரும் உட்கார்ந்த இடத்திலேயே கிடக்கிறார்கள்.

பூஷேயை ஒழுக்கக்கேடர் என்று கண்டித்த திதரோ, க்ரூஸைத் தூக்கிப் பிடித்தார். 1761இல் அவர் பாராட்டிய க்ரூஸின் 'கிராமத்து மணப்பெண்' படத்தில் என்ன நடக்கிறது? தகப்பன் மருமகனிடம் சீர்ப்பணத்தைக் கொடுத்தாயிற்று. நோட்டரி பத்திரம் எழுதுகிறார். பெண் தலைகுனிந்து நிற்கிறாள். எளிய மக்கள், நல்லொழுக்கம், கண்ணீர் எல்லாம் உண்டு. பெண் கைமாறும் கணக்கும் உண்டு. மக்கள் கலை என்று நாம் கொண்டாடும் இடத்திலும் அதிகாரம் சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கலாம். சிங்காரம் என்று தள்ளிய இடத்தில் ஒரு கால் கட்டை உதறியிருக்கலாம்.

இன்பத்தைக் கண்டதும் கம்பெடுக்கும் விமர்சனம் கடைசியில் திதரோவின் ஒழுக்க வாத்தியார் வேலையைத்தான் செய்கிறது. வசீகரத்துக்கு முதலில் ஆட்பட வேண்டும், அய்யா. அப்புறம் அந்தப் பளபளப்பு எங்கே போய் நிழலாகிறது என்று தேட வேண்டும். ஊஞ்சல் கயிறு அந்த நிழலுக்குள்தான் போகிறது.