கேட் பலூ

கேட் பலூ என்பது 1965 ஆம் ஆண்டில் வெளியான ஓர் அமெரிக்க மேற்கத்திய நகைச்சுவைத் திரைப்படம் ஆகும். எலியட் சில்வர்ஸ்டீன் இயக்கிய இப்படத்தை ஹரால்ட் ஹெக்ட் தயாரித்தார். கொலம்பியா பிக்சர்ஸ் நிறுவனம் வெளியிட்டது. ஜேன் ஃபோண்டா, லீ மார்வின், மைக்கேல் காலன், டுவேன் ஹிக்மன் ஆகியோர் முதன்மைப் பாத்திரங்களில் நடித்தனர். இரட்டை வேடத்தில் நடித்த லீ மார்வினுக்குச் சிறந்த நடிகருக்கான அகாதமி விருது கிடைத்தது.

கதைச்சுருக்கம்

கதை 1894 ஆம் ஆண்டில் வயோமிங் மாநிலத்தின் வுல்ஃப் சிட்டி என்ற கற்பனை நகரில் நடக்கிறது. கேத்தரின் பலூ என்ற இளம்பெண் தூக்கிலிடப்படுவதற்காகச் சிறையில் காத்திருக்கிறாள். அவள் அந்த நிலைக்கு வந்த விதத்தைத் தெருப்பாடகர்கள் இருவர் பாடிச் சொல்ல, கதை பின்னோக்கிச் செல்கிறது.

ஆசிரியப் பணிக்குப் படித்துவிட்டு ஊர் திரும்பும் கேத்தரின், தன் தந்தையின் பண்ணையைப் பறிக்க நகர வளர்ச்சி நிறுவனம் ஒன்று முயல்வதை அறிகிறாள். தந்தைக்குத் துணையாக இருப்பவர் ஜாக்சன் டூ-பேர்ஸ் என்ற செவ்விந்திய இளைஞர் மட்டுமே. நிறுவனம் தந்தையை மிரட்ட டிம் ஸ்ட்ரான் என்ற கூலிக் கொலையாளியை அமர்த்துகிறது. சண்டையில் மூக்கை இழந்த அவன் வெள்ளி மூக்கு அணிந்திருப்பவன். அவனை எதிர்கொள்ள, மலிவு விலைச் சாகசக் கதைகளில் தான் படித்து வியந்த கிட் ஷெலீன் என்ற துப்பாக்கி வீரனைக் கேத்தரின் வரவழைக்கிறாள். வந்து சேர்பவனோ நிற்கவும் முடியாத குடிகாரன்.

ஸ்ட்ரான் தந்தையைச் சுட்டுக் கொல்கிறான். கொலையாளியைத் தண்டிக்க ஊரில் எவரும் முன்வருவதில்லை. நீதி கிடைக்காத கேத்தரின், கிளே பூன், அவனது மாமா ஜெட், ஜாக்சன், ஷெலீன் ஆகியோருடன் கொள்ளைக் கூட்டம் அமைத்து, நிறுவனத்தின் சம்பளப் பணம் வரும் இரயிலைக் கொள்ளையடிக்கிறாள். ஷெலீன் குடியை விட்டுப் பயிற்சி பெற்று ஸ்ட்ரானைக் கொல்கிறான். ஸ்ட்ரான் தன் உடன்பிறந்தவன் என்பதைப் பின்னரே வெளிப்படுத்துகிறான். நிறுவனத் தலைவர் சர் ஹாரி பெர்சிவலிடம் உண்மையை ஒப்புக்கொள்ள வைக்க முயலும் கேத்தரினுடன் நடக்கும் போராட்டத்தில் அவர் இறக்கிறார். தூக்கு மேடையில் பாதிரியார் வேடத்தில் வரும் ஜெட் கயிற்றை அறுக்க, கூட்டத்தினர் அவளை மீட்டுச் செல்கின்றனர்.

மூலக்கதையும் திரைக்கதையும்

ராய் சான்ஸ்லர் 1956 இல் எழுதிய புதினமே இதன் மூலம். புதினம் நகைச்சுவையற்ற தீவிரமான கதை. வால்டர் நியூமன், பிராங்க் பியர்சன் ஆகியோர் எழுதிய திரைக்கதை அதை நகைச்சுவையாக மாற்றியது. ஆயினும் நில அபகரிப்பு, கொலை, ஊரின் மௌனம் ஆகியவை படத்தில் விளையாட்டாகக் கையாளப்படவில்லை. சிரிப்பு பெரும்பாலும் மேற்கத்தியப் படங்களின் வீர நாயகன் என்ற பிம்பத்தின் மீதே எழுகிறது. குடிக்காத ஷெலீனுக்குக் களஞ்சியச் சுவரையும் குறிபார்த்துச் சுட முடியாது. சிறிது குடித்தால் குறி தப்பாது. மேலும் குடித்தால் விழுந்துவிடுவான். தந்தையின் உடலைச் சுற்றி ஏற்றப்பட்ட மெழுகுவர்த்திகளைக் கண்டு, பிறந்தநாள் விழா என எண்ணி அவன் பாடி அணைக்கும் காட்சியில் துயரமும் சிரிப்பும் ஒன்றாக வருகின்றன.

கொள்ளையர் மறைவிடமான 'ஹோல் இன் தி வால்' வயோமிங்கில் உண்மையில் உள்ள இடம். அங்குப் படத்தில் முதியவராகக் காட்டப்படும் புட்ச் காசிடியும் உண்மையான கொள்ளையரே. 1866 இல் பிறந்த அவர், கதை நடக்கும் ஆண்டில் முப்பது வயதையும் எட்டாதவர். பழைய வீரர்கள் மூத்துத் தளர்ந்துவிட்டனர் என்று காட்டுவதற்காகப் படம் வரலாற்றை மாற்றிக்கொண்டது.

இசை

பின்னணி இசையை பிராங்க் டி வோல் அமைத்தார். தலைப்புப் பாடலை மேக் டேவிட், ஜெர்ரி லிவிங்ஸ்டன் ஆகியோர் உருவாக்கினர். கதை சொல்லும் பாடகர்களாக நாட் கிங் கோல், ஸ்டப்பி கேய் ஆகியோர் தோன்றினர். அவர்கள் காட்சிகளுக்கு நடுவே வந்து பாடுவர்; மற்ற பாத்திரங்கள் அவர்களைக் கவனிப்பதில்லை. நாட் கிங் கோல் நுரையீரல் புற்றுநோயால் 1965 பெப்ரவரி 15 அன்று தம் 45 ஆவது வயதில் காலமானார். படம் திரைக்கு வந்தபோது அவர் உயிருடன் இல்லை.

விருதுகள்

இப்படம் ஐந்து அகாதமி விருதுகளுக்குப் பரிந்துரைக்கப்பட்டது: சிறந்த நடிகர், தழுவல் திரைக்கதை, படத்தொகுப்பு, தழுவல் இசை, பாடல். இவற்றுள் நடிகருக்கான விருது மட்டும் கிடைத்தது. 'த மேன் ஹூ ஷாட் லிபர்ட்டி வேலன்ஸ்' (1962) போன்ற படங்களில் கொடிய வில்லனாக அறியப்பட்டிருந்த லீ மார்வின், லாரன்ஸ் ஒலிவியே, ரிச்சர்டு பர்ட்டன், ராட் ஸ்டைகர், ஆஸ்கர் வெர்னர் ஆகியோருடன் போட்டியிட்டு வென்றார். விருதில் பாதி எங்கோ உள்ள ஒரு குதிரைக்கு உரியது என்று அவர் மேடையில் குறிப்பிட்டார். ஷெலீன் தள்ளாடிச் சாய்ந்திருக்க, அவனது குதிரையும் கால்களைப் பின்னிக்கொண்டு சுவரில் சாய்ந்து நிற்கும் காட்சி படத்தின் அடையாளமாக விளங்குகிறது. பெர்லின் திரைப்பட விழாவிலும் அவருக்குச் சிறந்த நடிகருக்கான வெள்ளிக் கரடி விருது வழங்கப்பட்டது.

அமெரிக்கத் திரைப்படக் கழகம் 2008 இல் வெளியிட்ட சிறந்த பத்து மேற்கத்தியத் திரைப்படங்களின் பட்டியலில் கேட் பலூ பத்தாம் இடத்தைப் பெற்றது.