ஐம்பதில் ஒரு பங்கு தோணி

தூத்துக்குடியில் கப்பல் மாதிரி என்றதும் நினைவுக்கு வருபவை, 1907-இல் வ.உ.சி.யின் சுதேசிக் கப்பல் கம்பெனி கொண்டுவந்த காலியாவும் லாவோவும்தான். கையால் செய்து பழக அவற்றைவிட நல்லது நம்ம தோணி. கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் பாய் விரித்துப் போன மரக்கலம் அது. வெளிநாட்டு கிட் வாங்கினால் வெட்டிய பலகையும் வரைபடமும் பெட்டியிலேயே இருக்கும். தோணியைக் கட்டிய ஓடாவிகளோ கணக்கை மனசிலேயே வைத்திருந்தவர்கள். ஆகவே அளவெடுக்கும் வேலை நம் தலையில். டீயை ஊற்றிக்கொண்டு அந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

1:50 ஸ்கேல் என்றால், கடலில் 50 அங்குலம் மேசையில் 1 அங்குலம். 100 அடித் தோணி 2 அடியாகும். மூன்று அங்குலப் பலகை ஒன்றரை மில்லிமீட்டர் சீவல். ஓட்டிப்போகும் தண்டல் ஐந்தரை அடி என்றால், நம்ம தண்டல் சுமார் 3.3 சென்டிமீட்டர்.

சரி, எடை? சரக்கோடு சேர்த்து 300 டன் என்று வைப்போம். இங்கேதான் எல்லோரும் ஐம்பதால் வகுத்து 6 டன் என்கிறோம். இரண்டடிப் பொம்மை ஆறு டன்னா! மைசூர்பாகுக் கட்டியை நீளத்தில் பாதி, அகலத்தில் பாதி, உயரத்தில் பாதி என்று வெட்டினால் எட்டுத் துண்டு விழும். பக்கம் பாதியானால் எடை எட்டில் ஒன்று. அதேபோல இங்கே 50-ஐ மூன்று முறை பெருக்க வேண்டும்: 1,25,000. 300 டன் வெறும் 2.4 கிலோ ஆகிவிடுகிறது.

பாய்க்கு நீளமும் அகலமும்தான் கணக்கு. அது 2,500-இல் ஒரு பங்காகத்தான் சுருங்குகிறது. அதாவது, சாய்க்கிற பாய் கொஞ்சமாகக் குறைய, நிமிர்த்துகிற எடை ஒரேயடியாகக் குறைந்துவிட்டது. அளவு பிசகாமல் செய்த தோணியைக் குளத்தில் விட்டால், பெரிய தோணி அசட்டை செய்யும் காற்றில் இது படுத்துவிடும். செய்தவர் கைமேல் பழி போடுவார்கள், பாவம். அடிமரமான ஏராக்கட்டைக்குக் கீழே ஈயக்கட்டி தொங்கவிடுவதுதான் வழி. பார்க்க அழகாக இருக்காது.

கப்பல் வடிவமைப்பாளர்களுக்கும் இதே தலைவலி இருந்தது. இங்கிலாந்தின் வில்லியம் ஃப்ரூட் 1870-களில் தொட்டி கட்டி, மாதிரிகளை இழுத்துப் பார்த்தார். வேகத்தை ஸ்கேலின் வர்க்கமூலத்தால் வகுத்தால் அலை ஒத்துப்போகும் என்று காட்டினார். நம்ம தோணிக்கு அது ஏறக்குறைய ஏழு. 7 நாட் வேகம் 1 நாட் ஆகும். சென்னை ஐஐடியின் கடல் பொறியியல் துறையிலும் இப்படி இழுத்துப் பார்க்கும் தொட்டி உண்டு.

கண்ணாடிப் பெட்டிக்குப் போகும் தோணிக்கு ஈயம் வேண்டாம். அங்கே படுத்துவது கயிறு. ஓர் அங்குலக் கயிற்றுக்கு அரை மில்லிமீட்டர் நூல் போதும். ஆனால் நூலுக்குக் கனம் இல்லையே, தொங்காமல் விறைத்து நிற்கும். தண்ணீர் கலந்த ஃபெவிகாலில் நனைத்து, நடுவில் ஒரு துணி கிளிப்பை மாட்டி, காயும்வரை விட்டுவிடுங்கள்.