எண்கோவை எழுதக் கற்பித்தல்

கூட்டலையும் கழித்தலையும் பிழையின்றிச் செய்யும் மாணவர் பலர், அதே கணக்கைக் குறியீடுகளால் எழுதச் சொன்னால் தயங்குகின்றனர். விடை காணும் திறமை வேறு. நிகழ்ச்சியை எண்கோவையாக அமைக்கும் திறமை வேறு. பின்னதைத் தனியே கற்பித்தல் வேண்டும்.

முதலில் பொருள், பிறகு பேச்சு, அதன்பின் எழுத்து என்பதே ஏற்ற வரிசை. கூடையில் 8 எலுமிச்சம்பழங்களை வைத்து, அவற்றுள் 3 பழங்களை எடுத்துவிடுக. நடந்ததை மாணவர் தம் சொற்களால் கூறட்டும். பின்னர் 8 − 3 என எழுதட்டும். 'விடை என்ன?' என்று உடனே கேட்க வேண்டா. 8 − 3 என்பதும் 5 என்பதும் ஒரே எண்ணைக் குறிப்பவை என்பதை அவர்கள் உணரவேண்டும்.

தமிழ் வாக்கியத்தில் சொற்கள் இடம் மாறி நிற்கக்கூடும். '3-ஐ 8-இலிருந்து கழி' என்னும்போது முதலில் காதில் விழுவது 3. அதனால் 3 − 8 என எழுதிவிடும் குழந்தைகள் உண்டு. 'எதிலிருந்து எடுக்கிறோம்?' என்று கேட்டுக்கொள்ளும் பழக்கம் இப்பிழையை நீக்கும்.

மிகுந்த கவனத்திற்குரியது சமக்குறி. 1557-இல் ராபர்ட் ரெக்கார்டு தம் நூலில் இதனை அமைத்தபோது, இரண்டு இணைகோடுகளைவிடச் சமமானவை வேறில்லை என்பதையே காரணமாகக் காட்டினார். மாணவரோ இதனை 'விடையை எழுது' என்னும் கட்டளையாகக் கொள்கின்றனர். 12 பேர் இருந்த பேருந்தில் 8 பேர் ஏறி, 5 பேர் இறங்கினால், 12 + 8 = 20 − 5 = 15 என எழுதுகின்றனர். விடை சரியே, ஆனால் எழுதிய கூற்று தவறு. 12 + 8 என்பது 15-க்குச் சமமன்று. 12 + 8 − 5 = 15 என்பதே முறை.

இதனைத் திருத்தத் தராசு துணைசெய்யும். 8 + 4 = □ + 5 என்று கரும்பலகையில் எழுதினால், பலர் கட்டத்தில் 12 என்றோ 17 என்றோ நிரப்புவர். ஒரு தட்டில் ஒரே வகைக் காசுகள் 8-உம் 4-உம், மறு தட்டில் 5-உம் இட்டு, சமன்செய்யச் சொல்லுக. 7 காசுகள் சேர்த்ததும் தட்டுகள் சமனாகும். குறியின் பொருளும் விளங்கும்.

அடைப்புக்குறியையும் நிகழ்ச்சியின் வாயிலாகவே அறிமுகம் செய்யலாம். 20 ரூபாய்க் குறிப்பேடு ஒன்றும், 5 ரூபாய்ப் பென்சில்கள் இரண்டும் வாங்கினால் 20 + 5 × 2. அதாவது 30 ரூபாய். குறிப்பேடும் பென்சிலும் சேர்ந்த தொகுதி இரண்டு வாங்கினால் (20 + 5) × 2. அதாவது 50 ரூபாய்.

2025-இல் வெளிவந்த தேசியக் கல்வி ஆராய்ச்சி பயிற்சிக் குழுவின் ஏழாம் வகுப்புக் கணித நூலில் எண்கோவைகளுக்கெனத் தனி அத்தியாயம் உள்ளது. தொடக்க வகுப்பில் சமக்குறியைத் தவறாகப் புரிந்துகொண்ட மாணவர் அங்கே இடர்ப்படுவர். அதனையடுத்து வரும் இயற்கணிதமும் அவர்களுக்கு எட்டாததாகிவிடும்.

பள்ளிகளைப் பார்வையிடும் அலுவலர்கள் ஓர் எளிய சோதனை செய்யலாம். 6 + 4 × 3 என எழுதி, இதற்கேற்ற கதையொன்று சொல்லுமாறு மாணவரைக் கேட்கலாம். கதை பொருந்தினால், பாடம் பதிந்தது எனக் கொள்ளலாம்.